குறுக்கிழைக்குக் கீழே ஒரு மணல்துகள்

இது குவார்ட்ஸ். இல்லை, குவார்ட்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நினைப்பது வேறு, பார்ப்பது வேறு என்று வருஷக்கணக்காக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன், சொன்ன வாய் இப்போது வறண்டு கிடக்கிறது. மைக்ராஸ்கோப்பின் வட்டத்துக்குள் மணல்துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன, வெள்ளை, சாம்பல், வைக்கோல் மஞ்சள், அங்கங்கே காக்காப்பொன் என்கிற அபிரகத்தின் பச்சையும் ரோஸும், எல்லாம் தெளிவாகவே தெரிகின்றன, ஒன்றைத் தவிர. இரண்டு மெல்லிய கறுப்பு இழைகள் வட்டத்தின் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன, வெட்டும் இடத்தில் எந்தத் துகள் வந்து நிற்கிறதோ அது என்ன என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு எண்ணும் பெட்டியில் அதற்குரிய விசையை அழுத்த வேண்டும், பிறகு கல்லைப் பிசினால் ஒட்டித் தாளாகத் தேய்த்த கண்ணாடித் தகட்டை ஒரு துளி நகர்த்தி அடுத்ததைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த நடு இடத்தை நேராகப் பார்க்கிறேன், இடமே இல்லை. கறுப்பாகக்கூட இல்லை, கறுப்பாக இருந்தால் கறுப்பு என்றாவது சொல்லிவிடலாம். ஈர விரலால் தேய்த்து அழித்த சிலேட்டு மாதிரி ஒரு மங்கல், இழைகள் அதன் விளிம்பு வரை வந்து வளைந்து எங்கோ போய்விடுகின்றன. பார்வையைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளினால் துகள் ஓரமாக வந்து நிற்கிறது, விளிம்பில்லாமல், நிறம் வெளிறி, வந்ததும் என்னையறியாமல் அதை நேராகப் பார்க்கத் திரும்புகிறேன், போய்விடுகிறது. எதைப் பார்க்க வேண்டுமோ அதை நோக்கிக் கண் தானாகத் திரும்புகிறது, பிறந்ததிலிருந்து அப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது, திரும்பாதே என்று கண்ணிடம் எப்படிச் சொல்வது. மறுபடியும் இடது. மறுபடியும் வருகிறது. வெள்ளை. வெள்ளையென்றால் குவார்ட்ஸ். ஃபெல்ஸ்பாரும் வெள்ளைதான். அதில் வரிவரியாகக் கோடு இருக்கும், இருக்கிறதா, ஓரப் பார்வைக்கு வரி தெரியாது, வரி நடுப்பார்வையின் சொத்து. குவார்ட்ஸ் என்று விரல் அழுத்திவிட்டது. நான் அழுத்தவில்லை, விரல் அழுத்தியது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தது. பருவத்தேர்வு விடுமுறை, மாடியில் யாரும் இல்லை, பக்கத்து அறையில் கல் அறுக்கும் இயந்திரம்கூட நின்றுவிட்டது, இருந்தாலும் அதன் எண்ணெய் வாசனையும் பிசின் வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருக்கிறது. ஏசி சொட்டுகிறது. இந்த ஒரு தகடுதான் பாக்கி. மற்றவையெல்லாம் போன வருஷமே எண்ணி முடித்தாயிற்று, அப்போது கண் இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கல் அந்தமானுடையது, போர்ட் பிளேருக்குத் தெற்கே கடல் நன்றாக உள்வாங்கும்போது மட்டும் தலை காட்டுகிற அடிப் படிவு, நானும் சகாயமும் முழங்கால் தண்ணீரில் நின்று உடைத்தெடுத்தது. தேவசகாயம் என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவன், நாகர்கோவில்காரன், இதே நிலவியல் துறையில் எனக்கு எதிர் அறை, இந்த மணல் விஷயத்தில் எனக்கு எதிர்க் கட்சி. அங்கே தண்ணீரில் நின்றுகொண்டே சண்டை போட்டோம், அலை வந்து அவன் சுத்தியலை இழுத்துக்கொண்டு போயிற்று, அப்போதும் நிறுத்தவில்லை. சண்டை இதுதான்: அந்தத் தீவு ஒரு காலத்தில் தீவு இல்லை, ஆழ்கடலின் தரையில் விசிறி போல் பரவிக் கிடந்த மணல். மலையில் உதிர்வதை ஆறு கடலுக்குக் கொண்டுவருகிறது, அது கடலுக்குள் இருக்கிற சரிவில் உருண்டு இறங்கி, அடியில் போய் விரிந்து படிகிறது, அதைத்தான் கடலடி விசிறி என்கிறோம். படிந்த இடத்திலேயே அது நிற்பதும் இல்லை. அதைத் தாங்கியிருக்கிற கடல்தரையே நகர்கிறது, நகம் வளர்வது போல மெதுவாக, நகர்ந்து போய் இன்னொரு நிலத்தட்டுக்கு அடியில் சொருகும்போது மேலே கிடக்கும் மணல் மட்டும் தோசைக்கல்லில் ஒட்டினதைக் கரண்டியால் வழிப்பது போல வழித்தெடுக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கல்லாகி, தண்ணீருக்கு வெளியே தலை நீட்டுகிறது. எங்கே படிந்தது, எவ்வளவு தூரம் வந்தது? மணலின் கலவையைத்தான் கேட்க வேண்டும். சகாயம் சொல்கிறான், அது இமயமலை எழும்பும்போது உதிர்ந்தது, வடக்கே எங்கோ விரிந்த விசிறி, வெகுதூரம் பயணம் செய்து இங்கே வந்து மாட்டிக்கொண்டது என்று. நான் சொல்கிறேன், இல்லை, கிழக்கே பர்மாவின் எரிமலை வரிசையிலிருந்து வந்தது, பக்கத்திலேயே படிந்தது, அதிகம் நகரவில்லை என்று. அவன் சொல்வது உண்மையானால் அடிப் படிவில் மலைப் பாறையின் துணுக்குகள் இருக்க வேண்டும், தகடு தகடாக அபிரகம் பிழிபட்டு மடிந்த துணுக்குகள். நான் சொல்வது உண்மையானால் எரிமலைத் துணுக்குகள், கரிய மாவுக்குள் வெள்ளைக் குச்சிகளைச் சிதறினது போல் இருக்கும், கண்ணுள்ளவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

கண்ணுள்ளவர்கள். கரையேறின பிறகு ஈர பேன்ட்டோடு டீக்கடையில் உட்கார்ந்து சகாயம்தான் சொன்னான், "அடிப் படிவ நீ எண்ணு வடிவு. நம்ம ரெண்டு பேர்ல நல்ல கண்ணு உனக்குத்தான். நீ எண்ணிச் சொல்லு, என்ன வருதோ நான் ஒத்துக்கிடுதேன். பேப்பர்ல ரெண்டு பேர் பேரும் போட்ருவோம்." அதை அவன் சாதாரணமாகச் சொன்னான், வடையைப் பிட்டுக்கொண்டே. அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது. எண்ணுகிற கண் மாறக்கூடாது என்பது இந்த வேலையில் விதி, ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும், மேல் படிவுகளை எண்ணினவள்தான் அடியையும் எண்ண வேண்டும், அதனால் இந்தத் தகட்டை யாரிடமும் கொடுக்க முடியாது, கொடுப்பதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் நாளைக்குக் காரிடாரில் எல்லோரும் என் கையைப் பிடித்துப் படியிறக்குவார்கள். திரையில் பெரிதாகக் காட்டுகிற மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது, சகாயத்தின் அறையில் இருக்கிறது. போய்க் கேட்டால் கொடுப்பான். எதற்கு என்று கேட்பான். கேட்காமல் இருந்தாலும் கேட்டது போலத்தான்.

அடுத்தது. நகர்த்துகிறேன், தகடு ஒரு துளி நகர்கிற சின்னச் சத்தம் கேட்கிறது. கரியதாக ஏதோ ஓரத்தில். நேராகப் பார்க்காதே. கரியது என்றால் எரிமலையாக இருக்கலாம், களிமண் துண்டாக இருக்கலாம், தேய்க்கும்போது பிசினில் மாட்டின அழுக்காகவும் இருக்கலாம். குச்சிகள் இருக்கின்றனவா. ஒரு கணம் இருப்பதாகத் தோன்றியது. கண் டாக்டர் சொன்னாள், சின்னப் பெண், என் மாணவிகளின் வயதுதான் இருக்கும், அவளுடைய கம்மலில் ஒரு சிவப்புக் கல் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது, முகம் தெரியவில்லை, "மூளை சும்மா இருக்காதும்மா, நடுவுல ஓட்டை விழுந்தா அக்கம்பக்கத்துல இருக்கிறத வெச்சு அதுவே நெரப்பிடும், அதனாலதான் நெறைய பேர் லேட்டா வர்றாங்க." அதனாலதான். சுவரில் ஓட்டை இருந்தால் மூளை சுவரைப் பூசிவிடும். மணலில் ஓட்டை இருந்தால் மணலைப் போட்டுவிடும், எந்த மணலை, அதற்குப் பிடித்த மணலை. அப்படியானால் இந்தக் குச்சிகளை யார் பார்த்தது? நானா, நான் விரும்புகிறதா? விரல் எரிமலை விசையின்மேல் இருக்கிறது, அழுத்தியாயிற்றா இல்லையா என்றும் தெரியவில்லை. சத்தம் கேட்டதா. கேட்டது மாதிரி இருந்தது. எண்ணைப் பார்க்கலாம், எண்ணும் பெட்டி மேலே குனிந்தால் எண்ணின் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் தெரிகின்றன, நடுவில் இருப்பது இல்லை.

இடது கண் குழந்தையிலிருந்தே சோம்பல் கண். பள்ளிக்கூடத்தில் நல்ல கண்ணை மூடிவைத்துப் பழக்கச் சொன்னார்கள், அப்பா நாலு நாள் துணி கட்டிவிட்டார், நான் நிலைப்படியில் முட்டிக்கொண்டு அழுததும் அவிழ்த்துவிட்டார். ஒரு கண் போதும் என்று சொன்னார், போதுமாகத்தான் இருந்தது, மைக்ராஸ்கோப்புக்கு ஒரு கண் தாராளம். அந்த ஒரு கண்ணின் பின்சுவரில் நட்டநடுவில் தழும்பு. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு வருமாம், கண் நீண்டுகொண்டே போய் உட்சுவர் இழுபட்டு விரிசல் விடுமாம். கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்து நடுப்புள்ளியைப் பாருங்கள் என்றாள், கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கேட்டாள். கோடுகள் மடிந்து, நெளிந்து, நடுவில் உள்ளே இழுக்கப்பட்டிருந்தன, பாறைப் படிவு மடிவதைப் போலவே இருக்கிறது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. "ஊசி போட்டு மேல பரவாமப் பாத்துக்கலாம்மா. போனது போனதுதான். ஆனா பயப்படாதீங்க, ஓரப் பார்வை அப்படியே இருக்கும். நடக்கலாம், சமைக்கலாம், எல்லாம் பண்ணலாம்." எல்லாம் என்றால் எது எல்லாம் என்று கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அம்பலவாணன், நெடுஞ்சாலைத் துறையில் இன்ஜினியர், எதற்கும் பதறாதவர், அன்று ஆட்டோவில் வேளச்சேரி வரும்வரை என் கையை விடவே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அடுப்படியில் உப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாவற்றுக்கும் இடம் குறித்து வைத்திருக்கிறார், காஸ் அடுப்பின் குமிழில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார். நான் அந்த டேப்பைப் பிய்த்து எறிந்தேன். அவர் குனிந்து பொறுக்கி எடுத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. சாப்பிடும்போது மெதுவாக, "அந்த வேலையை விட்டுடேன் வடிவு. மண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு யார் கேட்டா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, பாவம், எனக்குச் சுமையைக் குறைக்கிறதாக நினைத்துத்தான் சொன்னார். யார் கேட்டார்கள், யாரும் கேட்கவில்லை, நிஜம்தான். நானும் சகாயமும் கேட்டோம். இரண்டு பேர் கேட்டால் போதாதா என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை, ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கிண்ணத்தின் விளிம்பு மட்டும் இருந்தது.

பயம் கண்ணைப் பற்றினது மட்டும் இல்லை. பயம் இதுதான், இது எப்போது ஆரம்பித்தது. டாக்டருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, ஓட்டையை மூளை பூசி மறைத்துக்கொண்டே வந்திருந்தால் போன வருஷம் எண்ணின தகடுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக நான் பார்க்காததைப் பார்த்திருக்கலாம். மேல் படிவில் எரிமலைத் துணுக்கு கொஞ்சம் அதிகம் வந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சகாயத்திடம் போய்ச் சொன்னேன், அவன் "அடியையும் பாத்துருவோம்" என்றான். அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது. கல்லிலிருந்தா, தழும்பிலிருந்தா. திரும்ப எண்ணிப் பார்க்கலாம் என்றால் எந்தக் கண்ணால் எண்ணுவது. யோசனை இங்கே வந்ததும் நின்றுவிடுகிறது, செக்குமாடு மாதிரி மறுபடியும் முதலிலிருந்து சுற்றுகிறது: தகட்டைக் கொடுக்க முடியாது, கொடுக்காமல் எண்ண முடியாது, எண்ணாமல் விடலாம், விட்டால் ஏன் என்று கேட்பான், சொன்னால் போன வருஷத்து எண்ணிக்கையும் சேர்ந்து போகும், சொல்லாவிட்டால் இப்படியே அழுத்திக்கொண்டு போகலாம், விரலுக்குப் பழக்கம் இருக்கிறது, ஒரு மணற்கல்லில் எது எவ்வளவு இருக்கும் என்று விரலுக்கே தெரியும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஒரு தகட்டின் எண்ணிக்கையை யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள். அதை நினைத்ததும் உடம்பு குளிர்ந்தது. ஏசியா. இல்லை. விரல் இதற்குள் இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டிருந்தது, நான் தகட்டை நகர்த்தியிருந்தேன், எதையுமே பார்க்கவில்லை.

கதவு தட்டுகிற சத்தம். சகாயம் எப்போதும் கதவைத் தட்டிக்கொண்டே திறப்பான், தட்டுவதற்கு அர்த்தமே இருக்காது.

"வடிவு, டீக்கு வாறியா?"

"நீ போ. எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு."

போகமாட்டான். செருப்புச் சத்தம் உள்ளே வருகிறது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கிறேன், கண் அதிலே இருந்தால் வேலை செய்வதாக அர்த்தம்.

"அடிப் படிவா?"

"ம்."

"எப்படிப் போவுது?"

பதில் தயாராக இருந்தது, எண்ணும் பெட்டியில் இருந்தது, நான் உண்டாக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. "எரிமலைதான் நிறைய வருது," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது, பாடம் எடுக்கிற குரல்.

எதிர்த்துப் பேசுவான் என்று காத்திருந்தேன், களிமண்ணை எரிமலை என்று எண்ணாதே என்பான், எந்த இடத்தில் எடுத்த துண்டு என்பான், வருஷக்கணக்காக மேடையில், வகுப்பில், ரயிலில், சாப்பாட்டு வரிசையில் அப்படித்தான். ஒன்றும் வரவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்து உட்காருகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "அப்போ சரி," என்றான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நாந்தான் இவ்வளவு நாளும் தப்பாப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். எழுதிருவோம்."

அவ்வளவுதான். இவ்வளவு லேசாக விட்டுவிடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவன் தன்னுடைய இமயமலையை என் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறான், என் கண்ணை நம்பி. தோற்பவன் அவன், எனக்கு எதற்கு அழுகை. நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் கதவுப் பக்கம் திரும்பியது. போகட்டும், போய்விட்டால் முடிந்தது, இனி மாற்ற முடியாது, மாற்ற முடியாததற்கு ஒரு நிம்மதி உண்டு. செருப்புச் சத்தம் கதவருகே போய்விட்டது.

"சகாயம்."

"என்ன?"

"கொஞ்சம் இங்க வா. நடுவுல என்ன இருக்குன்னு பாரு."

வந்தான். நான் எழுந்து விலகினேன், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு. அவன் உடனே குனியவில்லை.

"நீ எப்போ கேப்பேன்னுதான் நானும் இருந்தேன்," என்றான்.

"எதை?"

"சித்திரையிலேருந்து நீ என் காதப் பாத்துத்தான் பேசுதே வடிவு. மொதல்ல எனக்குப் பின்னால யாரோ நிக்கான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன், கேட்டியா. அப்புறந்தான் புரிஞ்சுது."

ஆமாம். காதைப் பார்த்தால்தான் வாய் தெரியும், வாய் தெரிந்தால்தான் முகம் இருக்கிறதாக இருக்கும். யாருக்கும் தெரியாது என்று இத்தனை மாதமாக நினைத்து நினைத்து நடந்துகொண்டிருந்தேன், படியில் கைப்பிடியைத் தொடாமல், கூட்டத்தில் யாரிடமும் பேப்பர் வாங்காமல். வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது, உட்கார வேண்டும்போல் இருந்தது. "தெரிஞ்சுமா என் எண்ணிக்கையை ஒத்துக்கிட்டே?" என்றேன்.

"ஒத்துக்கிடலன்னா நீ என்ன செய்வே? கண்ணு போச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்ல? நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

"நான் சொல்லாமலே விட்டிருந்தா?"

அவன் மைக்ராஸ்கோப்பின் பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாமல் இருக்கலாம். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், தழும்பு, ஊசி, போனது போனதுதான், மூளை நிரப்புகிற விஷயம், போன வருஷத்து எண்ணிக்கை, எல்லாம் ஒரே மூச்சில், இடையில் நின்றால் முடிக்க மாட்டேன் என்று பயந்து. அவன் ஒரு தடவை "அய்யோ" என்றான், மெதுவாக. பிறகு, "சரியாவாதா? ஆபரேஷன் கீபரேஷன்?" என்றான். இல்லை என்றேன். "வேற எங்கயாவது காட்டுவோமா, மதுரைல?" என்றான். காட்டியாயிற்று என்றேன். அவன் கையைப் பிசைந்துகொண்டான், அது ஓரப் பார்வைக்கு நன்றாகவே தெரிந்தது.

"நீ உக்காந்து எண்ணு," என்றேன். "இனிமே நீதான் எண்ணணும்."

"நான் எண்ணப்படாது. நான் எண்ணினா எல்லாம் இமயமலையாத்தான் வரும். எனக்கே தெரியும் அது."

"வேற யாரு இருக்கா?"

"நீதான். நீ எண்ணு, நான் பாக்கேன். பேர நான் சொல்லமாட்டேன். எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுதேன். பேர நீ சொல்லு."

இது முடியுமா, இப்படி யாரும் செய்ததில்லை, எழுதினால் ஒத்துக்கொள்வார்களா என்று மனசு ஓடியது. ஓடட்டும். எண்ணும் பெட்டியின் பக்கவாட்டுப் பிடியைத் தேடித் தொட்டு இழுத்தேன், எல்லாம் பூஜ்யத்துக்குப் போகிற சத்தம் கேட்டது, மதியம் முழுக்க விரல் சேர்த்து வைத்த எரிமலை. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான், நான் பக்கத்தில், விசைகளின்மேல் கை. ஆரம்பத்தில் அவனுக்கு வர்ணிக்கவே வரவில்லை, இத்தனை காலம் பார்த்தவுடன் பேர் சொல்லியே பழகினவன், "வெள்ளையா இருக்கு" என்றுவிட்டு நிறுத்திக்கொண்டான். தகடு உட்கார்ந்திருக்கிற வட்ட மேடையைச் சுற்று என்றேன். சுற்றினான். கருக்கிறதா? கருக்கிறது. ஒரேயடியாகவா, அலை அலையாகவா? "அலையா. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் நிழல் மாதிரி போவுது." வரி? வரி இல்லை. குவார்ட்ஸ் என்றேன், அழுத்தினேன். அடுத்தது வரி இருக்கிறது, வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி, ஃபெல்ஸ்பார். அடுத்தது குவார்ட்ஸ். கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் நன்றாகத் தெரிந்தது, அவன் சொல்லச் சொல்ல துகள் வந்து நின்றது, முழு விளிம்போடு, நேராகப் பார்க்கலாம், போய்விடவில்லை. அதுவே பயமாகவும் இருந்தது, இப்போது நான் பார்ப்பதெல்லாம் அவன் வாயிலிருந்து வருகிறது, அவன் ஒரு சொல்லைக் கொஞ்சம் சாய்த்தால் நானும் சாய்ந்துவிடுவேன், எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்காவது அவசரப்படுகிறானா, எங்காவது மென்று விழுங்குகிறானா. ஒரு துகளில் நிறுத்தி, "கரியதா இருக்கு. உள்ள சின்னச் சின்ன வெள்ளைக் குச்சி. தாறுமாறா," என்றான். குரல் கொஞ்சம் தணிந்தது, ஆனால் சொல்லிவிட்டான். எரிமலை என்றேன். அழுத்தினேன். அவன் மூச்சு விட்டான். இன்னொரு தடவையும் குச்சி வந்தது, அப்போது அவன் நான் கேட்காமலே மேடையைச் சுற்றி, பெரிதாக்கி, "ஆமா, குச்சிதான்," என்றான். அதற்குப் பிறகு குரலைக் கவனிப்பதை விட்டுவிட்டேன்.

ஜன்னல் வெளிச்சம் பழுத்துக்கொண்டு வந்தது. கேன்டீன் மூடியிருப்பார்கள். குச்சிகள் குறைந்தன. அதன் பிறகு அநேகமாக வரவே இல்லை. தகடு தகடாக என்று அவன் சொல்வது கூடிக்கொண்டே போயிற்று, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஏதோ வேண்டாத சேதி கொண்டுவந்தவன் மாதிரி சொன்னான், நான் பேர் சொல்லி அழுத்தினேன், மலை விசைக்கு என் நடுவிரல், விரல் வலித்தது. மேல் படிவுகளில் எரிமலை அதிகம் என்றேனே. அவற்றையும் இதேபோல் திரும்ப எண்ண வேண்டும், எல்லாத் தகடுகளையும், அவன் சொல்ல நான் கேட்டு, எத்தனை மாதம் ஆகுமோ, அதற்குள் இந்த ஓரமும் என்ன ஆகுமோ, பரவாது என்றாள், பரவாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாள், இரண்டும் ஒன்றல்ல. அப்படி எண்ணி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது, என் கட்சி என் வாயாலேயே தோற்கும். வீட்டில் அவர் இந்நேரம் வந்திருப்பார், விளக்குப் போட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார். அவரிடம் என்ன சொல்ல. மண் வடக்கேயிருந்து வந்தது என்று சொல்லலாம். வெகுதூரத்திலிருந்து.

"பழுப்பு," என்றான் சகாயம். "மெல்லிசாத் தகடு தகடா. எல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கு. நடுவுல ஒரு மடிப்பு விழுந்திருக்கு."

பேர் அவனுக்குத் தெரியும், அவன் இத்தனை வருஷமாக உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்த பேர்தான், இப்போது வாயைத் திறக்காமல் காத்திருக்கிறான். குச்சி இருக்கிறதா, நன்றாகப் பார் என்று இன்னொரு தடவை கேட்கலாம். கேட்டால் பார்ப்பான், பொறுமையாகச் சுற்றிப் பார்ப்பான், இருந்தால் சொல்லிவிடுவான். நான் கண்ணைத் திறந்தேன், அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தை நேராகப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை, ஜன்னலும் சுவரும் அலமாரியும் சுற்றிலும் அப்படியே இருந்தன.

"மலைப் பாறை," என்றேன். "உருமாறினது."

விசையை அழுத்தினேன். இந்தத் தடவை சத்தம் நன்றாகக் கேட்டது. அவன் கையைத் தகட்டின்மேல் வைத்தான்.

"தகட்ட நகர்த்தட்டா?" என்றான்.

"நகர்த்து," என்றேன்.